தண்டாலும் பளுவும்

காசி மாநகரின் படித்துறைகளுள் துளசி கட்டமும் ஒன்று. அங்குள்ள மற்பயிற்சிக் களத்தைத் துளசிதாசரே தொடங்கிவைத்தார் என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. வைகறையில் நீராடச் செல்லும் தமிழ்நாட்டு யாத்திரிகர், அங்கே இளைஞர்கள் கைகளை ஊன்றி உடலைத் தாழ்த்தி எழுவதையும், குந்தி அமர்ந்து எழுவதையும் கண்டால் சிறிது நின்றுவிட்டே செல்வர். அவர்கள் 'தண்டு' என்பதை நாம் தண்டால் என்கிறோம். அவர்கள் 'பைட்டக்' என்பது நமக்குப் பஸ்கி. அவர்கள் 'அகாடா' என்பது நம் ஊர்க் கோதா. பெயர் மாறினாலும் பயிற்சி மாறவில்லை. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இத்தகைய காட்சி ஓர் ஆறுதலாகவும் அமைகிறது.

களத்தை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்தால் காட்சி வேறு. கண்ணாடி பதித்த சுவர்களும், இரும்புத் தண்டுகளும், அவற்றின் இருபுறமும் மாட்டும் வட்டத் தகடுகளும் நிறைந்த பயிற்சி நிலையங்களை இன்று எந்த நகரத்திலும் காணலாம். மும்பை மாதுங்காவிலோ தில்லி கரோல்பாக்கிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இதனால் ஒரு வழக்கு எழுவதுண்டு. "காலையில் எழுந்து ஐம்பது தண்டால் எடு, காசும் வேண்டா, கருவியும் வேண்டா" என்பார் தந்தையார். "இரும்பைத் தூக்காமல் தசை வளராது அப்பா" என்பான் மகன். தண்டால் நம் நாட்டுச் சொத்து, இரும்பு மேனாட்டு இறக்குமதி என்று ஒரு சாரார் நினைக்கின்றனர். தண்டால் பழமை, இரும்பே அறிவியல் என்று மற்றொரு சாரார் நினைக்கின்றனர். இவ்விரு கருத்துகளும் எவ்வளவு தூரம் உண்மை? தீர்ப்புக் கூறுமுன் வரலாற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரித்துப் பார்ப்போம்.

கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், 'மானசோல்லாசம்' என்னும் வடமொழிக் களஞ்சியத்தை இயற்றினான். அரசனின் பொழுதுபோக்குகளைக் கூறும் பகுதியில், மல்லர்களுக்குரிய உணவும் பயிற்சியும் விரிவாகச் சொல்லப்பட்டுள்ளன. நடத்தல், நீந்துதல், தூணைப் பற்றி ஏறிப் பழகுதல் ஆகியவற்றோடு சுமை தூக்கிப் பழகுதலும் அங்கே தனிப் பயிற்சியாக வைத்து எண்ணப்படுகிறது. ஆகவே, சுமை தூக்கி உடலை வளர்க்கும் முறை மேனாட்டார் கப்பலில் வந்து இறங்கியதன்று. ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அது இந்நாட்டு மல்லர்களின் அன்றாட வழக்கமாக இருந்தது.

ஏட்டுச் சான்று ஒருபுறம் இருக்கட்டும். நம்மில் தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தம் ஊரை நினைத்துப் பார்க்கலாம். ஊர்ப் பொதுவிடத்தில், வழுவழுப்பான உருண்டைக் கல் ஒன்று கிடக்கும். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். பிடிப்பதற்குக் காதோ விளிம்போ அதில் இல்லை. குந்தி அமர்ந்து, கைகளால் அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, மார்போடு சேர்த்து, தோள்மேல் கொண்டுபோய்ப் பின்புறம் தள்ள வேண்டும். அக்கல்லைத் தூக்கியவனுக்கே பெண் கொடுப்பது என்ற வழக்கமும் முற்காலத்தில் இருந்ததாகப் பெரியோர் கூறுவர். பொங்கல் நாட்களில் அக்கல்லைத் தூக்கும் போட்டி பல சிற்றூர்களில் இன்றும் நடைபெறுகிறது. தண்டாலும் பஸ்கியும் எடுத்த அதே இளைஞர்தாம் அக்கல்லையும் தூக்கினர். ஒன்று நம்முடையது, மற்றது அயலாருடையது என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

வடநாட்டு அகாடாக்களிலும் இதே நிலையைத்தான் காண்கிறோம். தண்டும் பைட்டக்கும் அங்கே அடிப்படை. அவற்றோடு, நீண்ட கைப்பிடியின் முனையில் கல் பொருத்திய கதை, நாம் கர்லாக்கட்டை என்று அழைக்கும் கட்டைகளின் பெரிய உருவமான 'ஜோடி', கழுத்தில் மாட்டிக்கொள்ளும் 'கர் நால்' என்னும் கல் வளையம் ஆகியவையும் வழங்கிவந்தன. மராட்டிய நாட்டில், இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவதர் என்பவர் புத்துயிர் ஊட்டிய மல்லக் கம்பமோ முழுவதும் உடலையே சுமையாகக் கொண்ட பயிற்சி. கம்பத்தைக் காலாலும் கையாலும் பற்றி, தன் எடையைத் தானே தாங்கிச் சுழல வேண்டும்.

உடலையே சுமையாகக் கொள்ளத் தெரிந்தவர்கள் கல் வளையத்தை ஏன் நாடினார்கள்? இங்கேதான் நம் வழக்கின் முடிச்சு இருக்கிறது. முதன்முதலில் பத்துப் பஸ்கி போடுகிறவனுக்குத் தொடை கடுக்கிறது. சில வாரங்களில் பத்து எளிதாகிறது, ஐம்பது போடுகிறான். பின்னர் ஐம்பதும் எளிதாகிறது. அதன்பின் எண்ணிக்கையை இருநூறு, முந்நூறு என்று பெருக்கிக்கொண்டே போனால் மூச்சுத் திறனும் தளராமையும் வளரும். ஆயினும், ஒரே மூச்சில் எதிரியைத் தூக்கி எறியும் பெருவலிமை அந்த அளவுக்கு வளர்வதில்லை. உடலின் எடை அப்படியே இருக்க, கால்களின் வலிமை அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. இதனை அனுபவத்தால் உணர்ந்த மல்லர்கள், கழுத்தில் கல் வளையத்தை மாட்டிக்கொண்டு அதே பஸ்கியைப் போட்டார்கள்.

இதற்குச் சான்றாகப் பெரிய மல்லர் ஒருவரையே அழைக்கலாம். காமா என்று உலகம் அறிந்த குலாம் முகம்மது 1878-ஆம் ஆண்டில் பிறந்தவர். பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, ஜோத்பூர் மன்னர் நடத்திய பஸ்கிப் போட்டியில் நானூற்றுக்கு மேற்பட்ட மல்லர்களிடையே கடைசிவரை நின்ற பதினைவருள் அவரும் ஒருவராக இருந்தார் என்று அவர் வரலாறு கூறுவோர் எழுதுகின்றனர். 1910-ஆம் ஆண்டில் லண்டன் சென்று, அமெரிக்க வீரர் ரோலரை வென்றார். அதே ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், போலந்து நாட்டுப் பெருமல்லர் ஸ்பிஷ்கோவுடன் மோதினார். அவர் தரையோடு தரையாகப் படிந்துகொண்டு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தற்காப்பிலேயே கழித்தமையால் போட்டி முடிவின்றி நின்றது. அடுத்த வாரம் குறித்த நாளில் ஸ்பிஷ்கோ களத்துக்கு வரவில்லை. பட்டம் காமாவுக்கு உரியதாயிற்று. 1928-ஆம் ஆண்டில் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது, ஒரு நிமிடம் முடிவதற்குள் காமா வென்றுவிட்டார்.

காமாவின் பெயரைச் சொன்னால், நாள்தோறும் ஆயிரக்கணக்கில் அவர் போட்ட தண்டும் பைட்டக்குமே நினைவுக்கு வரும். இரும்பு வேண்டா என்போர் அவரையே எடுத்துக்காட்டாகக் காட்டுவர். ஆனால், பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குச் சென்றால் அங்கே ஒரு கல் வளையத்தைக் காணலாம். அதன் எடை 95 கிலோ. காமா பஸ்கி போடுவதற்குப் பயன்படுத்தியது அது. பரோடா அருங்காட்சியகத்தில் 1,200 கிலோ எடையுள்ளதாகக் கூறப்படும் கல் ஒன்றும் இருக்கிறது. 1902-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் குலாம் முகம்மது அதைத் தூக்கினார் என்று அதன்மேல் பொறித்திருக்கிறார்கள். அவ்வளவு பெருங்கல்லை எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் தூக்கினார் என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்க வேண்டுவதில்லை. உடலே சுமை என்ற கட்சியின் தலைமைச் சாட்சியே கல்லையும் தூக்கியவர் என்பது நமக்குப் போதும்.

இனி இரும்பின் கதையைப் பார்ப்போம். பண்டைக் கிரேக்கத்தில், குரோட்டன் நகரத்து மைலோ என்னும் மல்லன் ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தோளில் சுமந்தான் என்றும், கன்று காளையானபோதும் அவனால் அதைச் சுமக்க முடிந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதையாயினும் அதில் பொதிந்துள்ள கருத்து ஆழமானது. சுமை சிறிது சிறிதாக ஏற வேண்டும். உடல் அதனைத் தொடர்ந்து தானும் ஏறும். அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் ஆலன் கால்வெர்ட் என்பவர் 1902-ஆம் ஆண்டில் தொடங்கிய இரும்புத் தொழிற்சாலைக்கு மைலோவின் பெயரையே சூட்டினார். எடையைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள இரும்புத் தண்டுகளை அத்தொழிற்சாலை விற்றது. இரும்பின் உண்மையான சிறப்பு இதுதான். இளவட்டக்கல்லுக்கு ஓர் எடைதான் உண்டு. தூக்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இரும்புத் தண்டிலோ இன்று இருபது கிலோ, அடுத்த வாரம் இருபத்திரண்டு கிலோ என்று படிப்படியாக ஏறலாம். மைலோவின் கன்று வளர்ந்ததுபோல் இரும்பும் வளர்கிறது.

இந்தியாவில் இரும்புப் பயிற்சிக்குப் பெருவிளம்பரம் தேடித் தந்தவர் யூஜின் சாண்டோ. ஜெர்மானியரின் கோனிக்ஸ்பர்க் நகரில் 1867-ஆம் ஆண்டில் பிறந்து, லண்டனில் புகழ்பெற்ற அவர், 1904, 1905-ஆம் ஆண்டுகளில் கீழைநாடுகளில் சுற்றுப்பயணம் செய்தபோது இந்தியாவுக்கும் வந்தார். பளிங்குச் சிலைபோல் மேடையில் நின்ற அவருடைய உடற்கட்டைக் கண்டவர்கள் வியந்தனர். அவருடைய நூல்களும், கையால் அழுத்திப் பிடிக்கும் வில் பொருத்திய டம்பெல்களும் அஞ்சல் வழியே ஊர்தோறும் பரவின. அதே சமயம், எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து நிகழ்ந்துகொண்டிருந்தது. நம் கர்லாக்கட்டைகளை இங்கிருந்த ஆங்கிலேயப் படையினர் கண்டு கற்று, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தம் நாட்டுக்குக் கொண்டு சென்றிருந்தனர். 'இந்தியக் கட்டைகள்' என்ற பெயரில் அவை ஐரோப்பிய, அமெரிக்கப் பயிற்சிக் கூடங்களில் இடம்பெற்றன. கட்டை சுழற்றுதல் 1904, 1932-ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்களிலும் சேர்க்கப்பட்டது. ஆகவே, இரும்பு நமக்கு வந்ததுபோல் கட்டை அவர்களுக்குச் சென்றது.

சாண்டோவை நம் மக்கள் ஏன் அவ்வளவு ஆர்வத்தோடு வரவேற்றனர் என்பதற்கு ஓர் அரசியல் காரணமும் உண்டு. மெக்காலே 1841-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், வங்க மக்கள் உடல்வலிமை அற்றவர் என்று இழித்துரைத்திருந்தார். அந்தச் சொல் கற்றவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 1867-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தொடங்கிய இந்து மேளாவில் உடற்பயிற்சிக்கும் இடம் தரப்பட்டது. ஆந்திர நாட்டு வீரகட்டத்தில் பிறந்த கோடி ராமமூர்த்தி நாயுடு, சர்க்கஸ் கூடாரத்தில் மார்பின்மேல் யானையைத் தாங்கியும், ஓடும் மோட்டார் வண்டியை இழுத்து நிறுத்தியும் காட்டியபோது, மக்கள் கைதட்டியது வேடிக்கைக்காக மட்டுமன்று. அடிமைப்பட்ட நாட்டின் மானம் ஒருவருடைய தோளில் நிமிர்ந்து நின்றதைக் கண்டு அவர்கள் மகிழ்ந்தார்கள். அந்நாளில் தசை வளர்ப்பது தனிமனிதரின் அழகுக் கலையாக மட்டும் இருக்கவில்லை. அது தன்மதிப்பு மீட்சியாகவும் இருந்தது.

அந்த மீட்சிக்கு ஏற்ற வழி எது? உடலா, இரும்பா? ஏறத்தாழ ஒரே காலத்தில் வாழ்ந்த மூவர் மூன்று விதமாக விடை கண்டனர்.

முதலாமவர் மராட்டியப் பகுதியைச் சேர்ந்த ஔந்து சமஸ்தானத்தின் பவான்ராவ் பந்த் பிரதிநிதி. அரசுரிமை எய்துமுன், 1897-ஆம் ஆண்டில் சாண்டோவின் கருவிகளையும் நூல்களையும் வரவழைத்து, பத்தாண்டுகள் தவறாமல் பயின்றார். மார்பு விரிந்தது, வலிமை கூடியது. ஆயினும் அவருக்கு அதில் முழு நிறைவு ஏற்படவில்லை. 1908-ஆம் ஆண்டு முதல் சூரிய நமஸ்காரத்தை மேற்கொண்டு, இரும்பை விட்டுவிட்டார். தண்டாலின் தாழ்வும் எழுச்சியும், முன்வளைவும் பின்வளைவும், மூச்சின் ஒழுங்கும் அதில் ஒருங்கே அமைந்திருந்தன. தம் குடும்பத்தாரையும் தம் ஆட்சிக்குட்பட்ட பள்ளிப் பிள்ளைகளையும் அதில் பழக்கினார். 1938-ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் அதனை அயல்நாட்டார்க்கும் அறிமுகப்படுத்தியது. அரசராகிய அவருக்கு இரும்பு வாங்கப் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால், ஆணும் பெண்ணும் குழந்தையும் முதியவரும் கருவியின்றிச் செய்யக்கூடிய பயிற்சியை நாட்டுக்குத் தர வேண்டும் என்பதே அவர் நோக்கம். அந்த நோக்கத்துக்கு உடலே உகந்த கருவியாயிற்று.

இரண்டாமவர் பெங்களூரில் வாழ்ந்த கே. வி. ஐயர். கன்னட இலக்கிய அன்பர்கள் அவரை 'சாந்தலா' என்னும் வரலாற்றுப் புதினத்தின் ஆசிரியராக அறிவர். உடற்பயிற்சி உலகமோ அவரை அழகிய உடற்கட்டின் ஆசானாகப் போற்றியது. இரும்புத் தண்டில் தேர்ந்தவர் அவர். ஆயினும், யோகாசனத்தையும் சூரிய நமஸ்காரத்தையும் இரும்பிலிருந்து பிரித்து ஒதுக்கவில்லை. 1930-ஆம் ஆண்டில் தசை வளர்ப்பைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 1937-ஆம் ஆண்டில் சூரிய நமஸ்காரத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். நேரில் வர இயலாதவர்களுக்கு அஞ்சல் வழியே பாடம் அனுப்பினார். இரும்பு தசைக்குப் பருமனும் வடிவும் தரும். ஆசனம் உள்ளுறுப்புகளுக்கு நலமும் மூட்டுகளுக்கு இளக்கமும் தரும். இரண்டும் சேர்ந்தால்தான் உடல் முழுமை பெறும் என்ற கொள்கையைத் தம் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார்.

மூன்றாமவர் கல்கத்தாவைச் சேர்ந்த விஷ்ணு சரண் கோஷ். பரமஹம்ச யோகானந்தரின் இளவல் இவர். 1923-ஆம் ஆண்டில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். 1930-ஆம் ஆண்டில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூலின் பெயரிலேயே தசைக் கட்டுப்பாடு, பார்பெல் பயிற்சி ஆகிய இரண்டும் அருகருகே நிற்கின்றன. கருவி ஏதும் இன்றி, மனத்தின் ஆணையால் ஒவ்வொரு தசையையும் தனித்தனியே இறுக்கவும் தளர்த்தவும் பழகுவது தசைக் கட்டுப்பாடு. அதையும் இரும்பையும் அவர் ஒரே கல்லூரியில் கற்பித்தார். அவருடைய மாணவர் மனதோஷ் ராய் 1951-ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த உலக ஆணழகர் போட்டியில் தம் பிரிவில் வென்றார்.

மறு ஆண்டில் அதே போட்டியில் தம் பிரிவில் வென்ற மற்றொரு வங்காளியின் கதையை நாம் சற்று நின்று கேட்க வேண்டும். மனோகர் ஆயிச், இன்றைய வங்காளதேசத்தின் குமில்லாப் பகுதியில் பிறந்தவர். உயரம் ஐந்து அடிக்கும் ஓரங்குலம் குறைவு. 1942-ஆம் ஆண்டில் ஆங்கிலேய விமானப்படையில் சேர்ந்தார். இந்தியரை இழித்துப் பேசிய அதிகாரி ஒருவரைக் கன்னத்தில் அறைந்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறைக் கொட்டடியில் இரும்புத் தண்டு ஏது? டம்பெல் ஏது? அவரிடம் இருந்தது அவருடைய உடல் ஒன்றே. சில நாட்களில் பன்னிரண்டு மணி நேரம் வரை எக்கருவியும் இன்றிப் பயின்றதாகப் பிற்காலத்தில் அவரே கூறினார். அவர் முயற்சியைக் கண்டு வியந்த சிறை அதிகாரிகள் தனி உணவுக்கும் ஏற்பாடு செய்தனர். நாடு விடுதலை பெற்றபோது அவரும் விடுதலை பெற்றார்.

1951-ஆம் ஆண்டுப் போட்டியில் ஆயிச்சுக்கு இரண்டாம் இடமே கிடைத்தது. ஊர் திரும்பாமல், லண்டனிலேயே ரயில்வேயில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, பிழைப்பையும் பயிற்சியையும் ஒருங்கே நடத்தி, 1952-ஆம் ஆண்டில் பட்டத்தை வென்றார். அயலூரில் கூலிக்கும் சம்பளத்துக்கும் உழைத்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் தம்மை வளர்த்துக்கொள்ள முயலும் நம் போன்றவர்களுக்கு இதைவிட நெருக்கமான வரலாறு வேறு இராது. அவர் நூறாண்டைக் கடந்து வாழ்ந்து 2016-ஆம் ஆண்டில் மறைந்தார். சிறையில் உடலே அவருக்கு இரும்பாயிற்று. வெளியே வந்தபின் இரும்பும் அவருக்கு உதவியது. இரண்டில் எது உயர்ந்தது என்று அவரைக் கேட்டிருந்தால், கையில் எது இருந்ததோ அதுவே உயர்ந்தது என்றுதான் அவர் வாழ்க்கை விடை சொல்லும்.

வரலாறு கூறும் இவ்வுண்மைக்கு அறிவியலும் துணை நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்கப் படை மருத்துவரான தாமஸ் டிலார்ம், முழங்கால் காயமுற்ற வீரர்களுக்குப் பளு தூக்கும் பயிற்சியையே மருத்துவமாக அளித்தார். அதற்கு முன்னர், இலேசான சுமையைப் பலமுறை தூக்குவதே நோயாளிக்கு ஏற்றது என்று கருதியிருந்தனர். டிலார்ம் பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய கனத்த சுமையைத் தந்து, வலிமை ஏற ஏறச் சுமையையும் ஏற்றினார். மெலிந்திருந்த தொடைகள் விரைவில் தேறின. 1945-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை இம்முறைக்கு மருத்துவ உலகில் இடம் தேடித் தந்தது. மைலோவின் கன்றுக்குட்டி இவ்வாறு மருத்துவமனைக்குள் புகுந்தது.

அண்மைக்கால ஆய்வுகள் மற்றொன்றையும் தெளிவுபடுத்தியுள்ளன. தசைக்குக் கண் இல்லை. தன்மேல் ஏறியிருப்பது இரும்பா, கல்லா, சொந்த உடலா என்று அது பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தது இழுவிசை ஒன்றே. தசை ஏறத்தாழத் தளர்ந்துபோகும் எல்லைவரை உழைத்தால், இலேசான சுமையாயினும் கனத்த சுமையாயினும் அதன் பருமன் ஒப்பிடத்தக்க அளவில் வளர்கிறது. ஆனால், ஒரே முறையில் பெருஞ்சுமையைத் தூக்கும் உச்ச வலிமை வேண்டுவோர்க்குக் கனத்த சுமையே மிகுதியும் உதவுகிறது. கல் வளையத்தை மாட்டிக்கொண்ட மல்லர்கள் பட்டறிவால் கண்டதும் இதுவே.

ஆகவே, இரு முறைகளின் நிறைகுறைகளை நடுநிலையோடு சொல்லிவிடலாம். தண்டால் எடுக்கும்போது, நம் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகளும் மார்பும் தாங்குகின்றன. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது நாற்பது கிலோ. புதிதாகத் தொடங்குவோர்க்கு இது சிறிய சுமையன்று. தொடங்க முடியாதவர்கள் சுவரில் கையூன்றித் தொடங்கலாம். பழகியவர்கள் கால்களைப் படியின்மேல் உயர்த்தி வைத்துச் சுமையைக் கூட்டலாம். செலவில்லை, இடமும் ஆறடிதான் வேண்டும். ஆனால், முதுகுத் தசைகளுக்கு இழுக்கும் வேலை வேண்டும். தண்டாலும் பஸ்கியும் அதைத் தருவதில்லை. பற்றித் தொங்குவதற்கு ஒரு கம்பியாவது இருந்தால்தான் அது கைகூடும். தொடைகளுக்கும் விரைவிலேயே உடலின் எடை போதாமற் போகிறது. இரும்பு இக்குறைகளை நீக்குகிறது; சுமையை அளந்து ஏற்றவும் இடந்தருகிறது. ஆனால், அதற்குப் பணமும் இடமும் நல்லாசிரியரும் வேண்டும். அவசரமும் ஆணவமும் கொண்டு அளவுக்கு மீறித் தூக்குகிறவனுடைய முதுகெலும்பை இரும்பு மன்னிப்பதில்லை.

தூக்கும் பயிற்சி ஆண்களுக்கே உரியது என்ற எண்ணத்தையும் காலம் மாற்றிவிட்டது. 2000-ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில், ஆந்திர நாட்டுக் கர்ணம் மல்லேசுவரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. சிறுமியாக இருந்தபோது விறகுச் சுமையை எளிதாகத் தூக்கிய மணிப்பூரின் மீராபாய் சானு, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். நம் வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018-ஆம் ஆண்டுகளின் காமன்வெல்த் விளையாட்டுகளில் இருமுறை பொன் வென்றதும் நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

ஆனால், நம்முள் பதக்கம் வெல்லப் போகிறவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு இந்த வரலாற்றால் ஆவது என்ன? பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தோம். வயலில் குனிந்து நிமிர்ந்த உடல், கிணற்றில் நீர் இறைத்த தோள், ஊர்க் குளத்தை நீந்திக் கடந்த கால், இவையெல்லாம் இன்று நாற்காலியிலும் மின்சார ரயிலிலும் முடங்கிக் கிடக்கின்றன. நடுவயதுக்குப் பின் தசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரைவது இயற்கை. பயிற்சி இல்லாதவர்க்கு அது விரைந்து கரைகிறது. முதுமையில் தரையிலிருந்து எழுவதற்கும், மாடிப்படி ஏறுவதற்கும், கால் தடுக்கினால் விழாமல் நிற்பதற்கும் இந்தத் தசைதான் துணை. தாங்கிப் பிடிக்க உற்றார் அருகில் இல்லாத ஊரில் வாழ்பவருக்கு அத்துணையின் அருமை பெரிது. பெரியவர்கள் யாவரும் வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியும் வற்புறுத்துகிறது. நெஞ்சுநோயோ மூட்டுநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்துகொண்டு தொடங்குதல் நலம்.

இனி, தந்தையாரும் மகனும் தொடுத்த வழக்குக்குத் தீர்ப்புக் கூறலாம். இருவரும் பாதி உண்மையைப் பற்றிக்கொண்டு வழக்காடினர். இரும்பு அயல்நாட்டுச் சரக்கு என்று தந்தையார் ஒதுக்க வேண்டியதில்லை. அவர் ஊர் இளவட்டக்கல்லின் உடன்பிறப்பே அது. தண்டால் பழங்கதை என்று மகன் நகைக்கவும் வேண்டியதில்லை. சிறைச்சாலையில் ஒரு வீரனை வளர்த்துக் காத்த பயிற்சி, பத்துக்குப் பத்து வாடகை அறையில் அவனையும் காக்கும். நிலையத்துக்குப் போக வசதியுள்ள நாளில் இரும்பைத் தூக்கட்டும். மழையோ வேலைச் சுமையோ கைச்சுருக்கமோ வழிமறித்த நாளில் தண்டால் எடுக்கட்டும். முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு பஸ்கி போட்டால், அவன் பாட்டியாலாவின் கல் வளையத்துக்கு வாரிசாகிறான். விடாமல் செய்வதும், சிறிது சிறிதாக ஏற்றுவதுமே இருவரும் மறக்கக்கூடாத விதிகள்.

ஊரை விட்டுப் புறப்பட்டபோது நாம் எத்தனையோ பொருள்களை விட்டு வந்தோம். இளவட்டக்கல்லை எவரும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வரவில்லை. கோதாவின் மண்ணையும் மடியில் முடிந்துகொண்டு வரவில்லை. ஆயினும், அந்தக் கல்லைத் தூக்கிய உடலை நாம் விட்டு வரவில்லை. நாளை விடியற்காலையில் பாயைச் சுருட்டி வைத்தபின், அந்த இடத்திலேயே இரண்டு கைகளையும் ஊன்றிப் பார்ப்போம். தந்தையார் ஐந்து எடுக்கட்டும், மகன் எண்ணட்டும்.